வன்னிப் பாடசாலை ரோபோ அணியைப் போட்டிக்குத் தயார்ப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

ரோபோ அணி தொடங்கலாம் என்று ஒரு பாடசாலையில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "கிட் என்ன விலை?" என்பதுதான். வன்னியில் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: ஒரு மோட்டர் எரிந்தால் அடுத்தது கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? கொழும்பில் உள்ள அணி அன்று பின்னேரமே கடைக்குப் போய் வாங்கிவிடும். மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ பார்சல் வரும்வரை பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆகவே எங்கள் அணிகள் எளிமையான ரோபோ ஒன்றைச் சீக்கிரமே செய்து, உதிரிகளை முன்கூட்டியே வாங்கி வைத்து, மிச்ச நாள் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பதில் செலவழிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான் அமைந்தவை.

படி 1: எந்தப் போட்டி என்று முடிவெடுங்கள்

"ரோபோ போட்டி" என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு உலகம்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். ரோபோ இரண்டரை நிமிடம் ஓடும். ஆனால் புள்ளி அதற்கு மட்டும் இல்லை. ரோபோவை வடிவமைத்த விதம், அந்த வருடக் கருப்பொருளில் செய்த ஆய்வு, அணியாகச் சேர்ந்து நடந்துகொண்ட முறை எல்லாவற்றையும் நடுவர்கள் பார்க்கிறார்கள். மின்பாகங்கள் லெகோவுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004 முதல் நடக்கிறது. இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள், ஒரு பயிற்றுநர். அந்த வருடத்துச் சவால் சனவரியில் வெளிவரும். ரோபோமிஷன் என்ற பிரிவில் ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம். தொடக்கத்தில் ரோபோ 250 மில்லிமீற்றர் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். போட்டியன்று காலையில் "திடீர் விதி" ஒன்றையும் அறிவிப்பார்கள். ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராமை அப்படியே கொண்டுபோகிற அணிகள் அந்த இடத்தில் திணறும். பெரிய பிள்ளைகளுக்கான ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ் பிரிவில் தானாக ஓடும் சிறு கார் செய்ய வேண்டும். அதற்கு லெகோ கட்டாயமில்லை.

மூன்றாவது வகை, பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் போட்டிகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் போட்டிகளில் பாடசாலைப் பிரிவும் உண்டு. தரையில் உள்ள கறுப்புக் கோட்டைத் தொடர்வது, தடை கடப்பது, பெட்டியை எடுத்து வைப்பது போன்ற வேலைகள்தான் பெரும்பாலும் வரும்.

முதல் வருட அணிக்கு என் பரிந்துரை, கோட்டைத் தொடரும் ரோபோ ஒன்றைச் சொந்தமாகச் செய்து மூன்றாவது வகைக்குப் போவதுதான். செலவு குறைவு; உடைந்தால் பிள்ளைகளே திருத்தலாம். அதில் படிக்கிற சென்சர், மோட்டர், பற்றரி அறிவு பிறகு எந்தக் கிட்டுக்கும் உதவும்.

எதுவானாலும் அந்த வருட விதிப்புத்தகம் வந்ததும் ஆளுக்கு இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொடுங்கள். பிள்ளைகள் அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். முதலில் வாசிக்க வேண்டியது புள்ளி அட்டவணை. எந்த வேலைக்கு எத்தனை புள்ளி, எதைச் செய்தால் புள்ளி குறையும் என்று தெரிந்தால், எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும். விடத் தெரியாத அணி எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்யும்.

படி 2: அணியைச் சேருங்கள்

தரம் 7 முதல் 9 வரையிலான பிள்ளைகளை எடுங்கள். தரம் 10 பிள்ளை வந்தால் நல்லதுதான், ஆனால் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது அவரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். மூன்று பேர் போட்டியிட ஆறு பேரைப் பயிற்றுவிப்பது அளவாக இருக்கும். கணக்கில் முதலாவதாக வருபவர்களை மட்டும் எடுக்க வேண்டாம். வீட்டில் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை, தண்ணீர்ப் பம்பைத் திருத்தும்போது தகப்பனுக்கு லைட் பிடித்த பிள்ளை அணிக்குக் கட்டாயம் வேண்டும்.

பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வராமல் விடுவதற்கு ஆர்வக் குறைவு காரணமே இல்லை. கடைசி பஸ்தான் காரணம். பாடசாலை 1.30க்கு விடும். 4 மணிக்கு மேல் வைத்திருந்தால், உள்ளே போகும் கிராமத்துப் பிள்ளை இருட்டில் நடக்க வேண்டி வரும்; சில வழிகளில் யானைப் பயமும் உண்டு. பயிற்சி நேரத்தை பஸ் நேரத்தைக் கேட்டு வையுங்கள். இன்னொன்று, மத்தியானச் சாப்பாடு. காலையில் சாப்பிட்டது போக ஒன்றும் இல்லாமல் 4 மணிவரை ஒரு பிள்ளை சோல்டரிங் அயன் பிடிப்பது ஆபத்து. பெற்றோர் முறை வைத்துச் சமைத்துத் தந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாணும் சம்பலுமாவது ஏற்பாடு செய்யுங்கள். செலவுத் திட்டத்தில் இதை முதலாவது வரியாகப் போடச் சொல்வேன்.

வேலையைப் பிரியுங்கள்: பொறிமுறை, மின்னிணைப்பு, புரோகிராம், குறிப்பேடு. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வேலைகளை மாற்றுங்கள். புரோகிராம் எழுதும் பிள்ளை கதிரையில் சும்மா இருக்க, மற்ற இருவரும் ஒரு எண்ணை மாற்றி அப்லோட் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் பாடசாலை அணிகளை அதிகம் கெடுப்பது. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அணியே படுத்துவிடும்.

உதவிக்கு ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். அதிபரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், மோட்டரை இயக்கும் மோட்டர் டிரைவர் பலகை பற்றிச் சொல்லித்தர ஒரு மாணவர் வேண்டும்" என்று கேளுங்கள்.

படி 3: நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

போட்டித் திகதியைச் சுவரில் எழுதி அதிலிருந்து 12 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. அதற்கு முந்திய ஐந்து வாரம் ஓட்டமும் திருத்தமும். அதற்கு முந்திய மூன்று வாரம் கட்டுவது. முதல் இரண்டு வாரம் அடிப்படை. இப்போது இதன்மேல் இல்ல மெய்வல்லுனர் போட்டி, தவணைப் பரீட்சை, கோயில் திருவிழா எல்லாவற்றையும் குறியுங்கள். ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழையில் வெள்ளம் வந்தால் பாடசாலையே மூடப்படலாம். அந்தக் காலத்தில் விழும் வாரங்களைப் பாதியாகக் கணக்கிடுங்கள். 12 வாரம் என்று நினைத்தது உண்மையில் எட்டோ ஒன்பதோ என்று அப்போதுதான் தெரியும்.

பொருட்கள் வந்து சேரும்வரை பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை. டிங்கர்கேட், வோக்வி இரண்டும் ரோபோவின் மூளையாக இருக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையைப் பிரவுசரிலேயே இயக்கிப் பார்க்க உதவும் இலவசத் தளங்கள். முதல் இரண்டு வார அடிப்படையை அதிலேயே முடிக்கலாம்.

படி 4: பொருட்கள்

ஆர்டுயினோ ஊனோ பலகை 2, மோட்டர் டிரைவர் 2, கியர் மோட்டர் 4 (ஓடுவது இரண்டு, உதிரி இரண்டு), ஐந்து கண் உள்ள அகச்சிவப்புக் கோட்டு சென்சர் 2, திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய 18650 லிதியம் பற்றரி செல் 4, அதற்குரிய சார்ஜர், மல்டிமீற்றர், சோல்டரிங் அயன், யூஎஸ்பி கேபிள் 2. எல்லாம் இரட்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவது ரோபோ செய்வதற்கு அல்ல அது. முதலாவது நிற்காமல் இருப்பதற்கு.

இதில் மூன்று இடங்களில் காசு வீணாகும்.

யூஎஸ்பி கேபிள்களில் சில சார்ஜ் மட்டும்தான் செய்யும், தரவு போகாது. பலகையில் லைட் எரியும், கணினியில் போர்ட் தெரியாது. கேபிள் சரி என்றால், மலிவான ஊனோ பலகைகளில் இருக்கும் சிஎச்340 சிப்புக்குரிய டிரைவர் மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டியிருக்கலாம். பலகை பழுது என்று எறிவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

எல்298 என்ற மோட்டர் டிரைவர் எங்கும் கிடைக்கும், ஆனால் ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தானே விழுங்கிவிடும். சாதாரண ஏஏ பற்றரி நான்கைப் போட்டால் 6 வோல்ற்று; மோட்டருக்குப் போவது நாலுதான். ரோபோ சோம்பலாக நகரும். 18650 செல் இரண்டைத் தொடராகப் போட்டால் 7.4 வோல்ற்று, டிரைவர் எடுத்தது போக 5.4 மிஞ்சும். 6 வோல்ற்று மோட்டருக்கு அது பொருத்தம். சிறிய மோட்டர் என்றால் டிபி6612 டிரைவர் இன்னும் நல்லது. அதில் இழப்பு மிகக் குறைவு.

செல் வாங்கும்போது "9900 மில்லி அம்பியர் மணி" என்று அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். நல்ல 18650 செல்லே 3500 அளவில்தான் இருக்கும். சார்ஜ் ஏற்றுவது சீமெந்துத் தரையில், பெரியவர் ஒருவர் கண்முன்னால் மட்டும். ஊதிய செல்லை, தோல் கிழிந்த செல்லைத் திரும்பப் பாவிக்கக் கூடாது.

பணத்துக்குப் பழைய மாணவர்களையும் வெளிநாட்டில் உள்ள உறவுகளையும் கேட்பீர்கள். அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வழியாகவே கேளுங்கள். பொருள் பட்டியலை விலையோடு அனுப்புங்கள். வாங்கியதும் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புங்கள். அடுத்த வருடம் அவர்களிடம் மறுபடி கேட்கப் போகிறீர்கள் அல்லவா?

படி 5: கட்டுங்கள்

உடலுக்கு மூன்று மில்லிமீற்றர் பிளைவூட் போதும். சக்கரங்களுக்கு இடையே பற்றரியைத் தாழ்வாக வையுங்கள். பாரம் உயரத்தில் இருந்தால் திருப்பத்தில் ஆடும். கோட்டு சென்சர் முன்னால், தரையிலிருந்து சில மில்லிமீற்றர் உயரத்தில் வரட்டும். ஒவ்வொரு மோட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 100 நனோபரட் செரமிக் கொள்ளளவி ஒன்றைப் பற்றவையுங்கள். மோட்டரின் மின்னிரைச்சலால் பலகை இடையில் ரீசெட் ஆவது குறையும். பலகை, டிரைவர், பற்றரி மூன்றின் கிரவுண்ட் (மறை முனை) வயரும் ஒன்றாகச் சேர வேண்டும். குத்திவிடும் ஜம்பர் வயர் பரிசோதனைக்கு மட்டும். போட்டி ரோபோவில் எல்லாவற்றையும் பற்றவைத்து, இழுத்துப் பாருங்கள். ஏ9 வீதியில் இரவு முழுக்கக் குலுங்கிப் போகப்போகிற ரோபோ அது.

படி 6: களம்

8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்று. உலக ரோபோ ஒலிம்பியாட் மேசையின் அளவான 2362 × 1143 மில்லிமீற்றரும் அதற்குள் அடங்கும். மேலே விரிப்பதற்குப் பழைய பிளெக்ஸ் பனரின் வெள்ளைப் பின்பக்கம் நல்லது. திருவிழா முடிந்ததும் கேட்டால் தருவார்கள். கோட்டுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஒரு வளைவு, ஒரு செங்கோணம், ஒரு குறுக்குச் சந்தி, ஓர் இடைவெளி, இவ்வளவும் இருந்தால் போதும். ஓட்டும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். எங்கள் செம்மண் புழுதி ஒரு படலமாகப் படிந்தாலே ரயர் வழுக்கும்.

படி 7: சென்சரைப் பழக்குங்கள், பிறகு புரோகிராம்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

அகச்சிவப்புச் சென்சர் தரைக்கு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளை அதிகம் திருப்பும், கறுப்பு குறைவாகத் திருப்பும். ஆர்டுயினோவில் அது 0 முதல் 1023 வரையான எண்ணாக வரும். பெரும்பாலான சென்சர்களில் வெள்ளைக்குச் சிறிய எண், கறுப்புக்குப் பெரிய எண். வகுப்பறையில் வெள்ளை 80, கறுப்பு 760 என்று வைத்துக்கொள்வோம். நடு எண் 420. அதற்கு மேல் என்றால் கோடு, கீழே என்றால் தரை என்று பிள்ளை எழுதிவிடுவார். காலையில் நன்றாக ஓடும். பின்னேரம் மேற்கு யன்னலால் வெயில் பலகையில் விழும்போது அதே கறுப்பு 400 என்று வாசிக்கும், ரோபோ கோட்டை விட்டுவிட்டு நேரே போகும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது என்பதுதான் காரணம். புரோகிராமில் பிழை தேடி மணித்தியாலக்கணக்கில் இருந்தாலும் கிடைக்காது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடக் காட்டுங்கள். சென்சரின் எண்ணைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மொனிற்றரைத் திறந்து வைத்து, ஒருவர் யன்னலைத் திறந்து மூடட்டும், இன்னொருவர் எண்ணை உரத்து வாசிக்கட்டும். எண் ஏறி இறங்குவதைக் கண்ட பிள்ளைக்கு இரண்டு தீர்வுகளும் தானாகவே விளங்கும். ஒன்று, சென்சரைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் பாவாடை கட்டுவது. மற்றது, ரோபோ தானே அளந்து பழகுவது: பட்டனை அழுத்தியதும் ஐந்து வினாடி கோட்டின்மேல் இடமும் வலமும் அசைந்து, ஒவ்வொரு கண்ணும் கண்ட மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் நினைவில் வைத்து, நடு எண்ணைத் தானே கணக்கிடும். போட்டி மண்டபத்தின் வெளிச்சம் எப்படியிருந்தாலும் இது கைகொடுக்கும்.

கோட்டைத் தொடர பிஐடி முறை, அதாவது பி, ஐ, டி என்ற மூன்று எண்களை வைத்து எவ்வளவு திரும்புவது என்று கணக்கிடும் முறை. கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் வழு. பி அந்த வழுவுக்கு ஏற்பத் திருப்பும். டி வழு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து ஆட்டத்தை அடக்கும். பழைய வழுக்களைக் கூட்டிப் பார்க்கும் ஐ கோட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, பூச்சியமாகவே விடுங்கள். வேகத்தைக் குறைத்து வைத்து, பியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ரோபோ பாம்புபோல் நெளியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, டியைச் சேர்த்து நெளிவைக் குறையுங்கள். பிறகுதான் வேகம். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் மீயொலி சென்சர் பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் வினாடிக்கு 343 மீற்றர். எங்கள் 35 பாகை வெக்கையில் ஏறத்தாழ 352. ஒரு மீற்றரை அளந்தால் மூன்று சென்ரிமீற்றர் அளவில் பிசகும். 20 சென்ரிமீற்றரில் உள்ள சுவருக்கு இது பொருட்டில்லை. தூரத்துச் சுவரை நம்பித் திரும்புகிற ரோபோ என்றால், குளிரூட்டிய மண்டபத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

படி 8: ஓட்டுங்கள், எழுதுங்கள்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: திகதி, பற்றரி வோல்ற்றளவு, மாற்றிய எண், நேரம், எங்கே பிழைத்தது. பற்றரி வோல்ற்றளவை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், "400 மில்லிவினாடி திரும்பு" என்று நேரத்தை வைத்துத் திருப்புகிற ரோபோ, இரண்டு செல்லும் நிறைந்து 8.4 வோல்ற்றில் இருக்கும்போது 90 பாகையைத் தாண்டிவிடும், 7.2இல் அதே கட்டளைக்கு எட்டாமல் நிற்கும். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடிப்பார்கள். நேரத்தை நம்பாமல், நடுக்கண் மறுபடி கோட்டைக் காணும்வரை திரும்பும்படி மாற்றி எழுதினால் பிரச்சினை தீரும். செல் ஒன்று 3.4 வோல்ற்றுக்கு வந்ததும் கழற்றிச் சார்ஜில் போடுங்கள்.

தொடர்ந்து பத்து ஓட்டத்தில் குறைந்தது எட்டு முழுதாக முடியும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். ஒரு தடவை மின்னல் வேகத்தில் ஓடியதை வைத்துக்கொண்டு "எங்கட ரோபோ 18 செக்கன்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நடுவர் முன்னால் கிடைப்பது இரண்டு மூன்று ஓட்டம்தான். எப்போதும் 25 செக்கனில் முடிக்கிற ரோபோவைத்தான் நான் மேடைக்கு அனுப்புவேன்.

ஓடிய ஒவ்வொரு புரோகிராமையும் திகதி போட்டுத் தனியாகச் சேமித்து, பென்டிரைவிலும் வையுங்கள். மின்வெட்டு சொல்லிவிட்டு வராது.

கடைசி மாதத்தில் ஒரு தடவையாவது வேறு இடத்துக்குப் போய் ஓட்டுங்கள். பக்கத்துப் பாடசாலை, பல்கலைக்கழக மண்டபம், எதுவும் சரி. அந்நியர் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பட்டனை அழுத்துகிற கை நடுங்கும். அது முதல் தடவையாகப் போட்டியன்று நடக்கக் கூடாது.

படி 9: பேசப் பழகுங்கள்

எங்கள் பிள்ளைகள் அதிகம் புள்ளியை விடுவது இங்கேதான். வேலை தெரியும், வாய் திறக்காது. நடுவர்கள் தமிழ் தெரிந்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்ற பயம்தான் பாதி. பதிவு செய்யும்போதே தமிழில் விளக்க வசதி உண்டா, மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். தமிழில் விளங்காத ஒன்றை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து பயனில்லை. "ஏன் இரண்டு சக்கரம்?" என்று கேட்டால், "சேர் சொன்னவர்" என்று பதில் வரக் கூடாது. "நாலு சக்கரத்தில் திரும்பும்போது வழுக்கியது, அளந்து பார்த்தோம், இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்" என்று குறிப்பேட்டைத் திறந்து காட்ட வேண்டும். திறந்த குறிப்பேட்டுக்கு மொழிபெயர்ப்பு அதிகம் வேண்டாம். அப்புறம் ஆங்கிலத்தில் ஐந்தாறு வசனம். மூன்று பேரும் பேச வேண்டும்.

படி 10: பயணமும் போட்டி நாளும்

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் இருந்துவிட்டு விடிய இறங்கி நேரே மேசைக்குப் போகிற பிள்ளைக்குக் கண் எரியும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெண்பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒருவர், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எல்லாம் இரண்டு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

ரோபோவை ரெஜிபோம் வெட்டிய பெட்டியில் வையுங்கள். செல்களைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். மல்டிபிளக் பெட்டி ஒன்று, நீட்டு வயர், சோல்டரிங் அயன், ஈயம், ரயர் துடைக்கத் துணி, உதிரிகள் எல்லாம் பையில் இருக்கட்டும். பட்டியலை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பயிற்சிக் களத்தில் சென்சரை அளப்பது. எண்கள் வகுப்பறையில் கண்டதுபோல் இல்லாவிட்டால் பதற வேண்டாம், அதற்குத்தான் பழக்கினோம். ஆசிரியர்கள் ரோபோவைத் தொடக் கூடாது. விதி அனுமதித்தாலும் தொடாதீர்கள்.

படி 11: திரும்பி வந்த பிறகு

வந்த வாரமே செல்களை 3.7, 3.8 வோல்ற்றளவுக்குக் கொண்டுவந்து, ரோபோவிலிருந்து கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் செல் கெடும். மற்ற அணிகளின் ரோபோக்களில் கண்டவற்றைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் வரையட்டும். உடைந்தவற்றின் பட்டியலை எழுதி அடுத்த பார்சலுக்கு ஓடர் போடுங்கள். பிறகு, தரம் 7 பிள்ளைகள் மூவரைக் கூப்பிட்டு ரோபோவை மேசையில் வைத்து, முழுவதும் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பழைய அணி பக்கத்தில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லலாம், ஸ்குரூட்ரைவர் மட்டும் புதியவர்கள் கையில் இருக்கட்டும்.